வகுப்பறை திரைக்குள் போனபோது யாரும் சொல்லித்தராதவை

கோவிட்-19 உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் கல்வி நிலையங்களுக்கு வெளியே இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. 2019 டிசம்பரில் ஸூம் கூட்டங்களில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 கோடி பங்கேற்புகள் இருந்தன. 2020 ஏப்ரலில் அது 30 கோடியானது. மாணவர்கள் எவ்வளவு வேகமாக மாறிவிட்டார்கள் என்று காட்ட இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தவர்களின் பாடு அந்த எண்ணில் இல்லை. வகுப்பு பாதியில் அறுந்துபோனது, எழுதி முடித்த விடை சேராமல் போனது, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இரவு முழுக்க விழித்திருந்தது என்று அது வேறு கதை. முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகள்தான் அதில் பாதி. அந்தக் கருவிகள் இன்றும் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன, அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகின்றன. அதனால் ஒரு செமஸ்டர் நகரும் வரிசையிலேயே இதைச் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் எல்லோரையும் குழப்பியது கருவிகளின் எண்ணிக்கை. ஒரு பேராசிரியர் ஸூமில் வகுப்பு எடுப்பார், இன்னொருவர் கூகுள் மீட், மூன்றாமவர் டீம்ஸ். பாடக்குறிப்பு மூடில் என்ற பாடத் தளத்தில் இருக்கும், அசைன்மென்ட் கூகுள் கிளாஸ்ரூமில் வரும், நேரம் மாறிய செய்தி மட்டும் வாட்ஸ்அப் குழுவில் வந்து நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். ஒவ்வொரு செயலியும் தனித்தனியே பார்த்தால் எளிதுதான், அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆறு பாடத்துக்கு ஆறு வழி என்று ஆகும்போதுதான் தலை சுற்றுகிறது. இதற்கு ஒரே ஒரு பக்கம் போதும். பாடத்தின் பெயர், வகுப்பு நடக்கும் லிங்க், குறிப்புகள் இருக்கும் இடம், அசைன்மென்ட் ஒப்படைக்கும் இடம், சிக்கல் வந்தால் எழுதவேண்டிய மின்னஞ்சல் என்று ஐந்து பத்திகள் போட்டு முதல் வாரத்திலேயே நிரப்பிவிடுங்கள். ஒரு பிரதி மொபைலில், ஒரு பிரதி காகிதத்தில். லேப்டாப் உயிரைவிடும் நாளில் காகிதம்தான் கைகொடுக்கும்.

முதல் வாரத்தின் இன்னொரு தலைவலி கணக்குக் குழப்பம். வகுப்பு லிங்கைச் சொடுக்கினால் ‘அனுமதி இல்லை’ என்று வரும். லிங்க் தவறு என்று நினைத்துப் பேராசிரியருக்கு எழுதுவோம், பதில் வருவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். பெரும்பாலும் லிங்க் சரியாகத்தான் இருக்கும். பிரவுசரில் முதலில் உள்நுழைந்த சொந்த ஜிமெயில் கணக்கில் அது திறப்பதுதான் சிக்கல். பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டுமே பகிரப்பட்ட கோப்பு சொந்தக் கணக்கில் திறக்காது. ஸூமிலும் குறிப்பிட்ட நிறுவனக் கணக்குள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று அமைத்திருந்தால் மற்ற கணக்குகளைத் திருப்பி அனுப்பிவிடும். குரோமில் படிப்புக்கென்று தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதில் பல்கலைக்கழகக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை அநேகமாக ஒழியும். இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் எத்தனை பேருடைய வருகைப்பதிவு போயிற்று என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்து டேட்டா. பணம் கரைந்த இடம் இதுதான், கணக்குப் போட்டுப் பார்க்க யாரும் கற்றுத்தராத இடமும் இதுதான். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 450 எம்பி இழுக்கும். இது ஒரு திசைக்கு மட்டும். நம் கேமராவும் ஓடினால் அதற்குத் தனிக் கணக்கு. ஒரு நாளைக்கு 5 மணி நேர வகுப்பென்றால் வருவது மட்டும் 2.25 ஜிபி. மாறாக, ஒலிக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், வீடியோ சேராத திரைப்பகிர்வுக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும் என்று ஸூம் நிறுவனமே சொல்கிறது. இரண்டையும் கூட்டினாலும் மணிக்கு 70 எம்பிதான். பேராசிரியரின் குரலும் அவர் காட்டும் ஸ்லைடும் கிடைத்துவிட்டால் பாடம் கிடைத்துவிட்டது. நாற்பது பேரின் முகங்கள் பாடத்துக்குத் தேவையில்லை. அதனால் உங்கள் கேமராவை மட்டும் அணைத்துவிட்டு டேட்டா மிச்சம் என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே வரும் வீடியோவை நிறுத்தும் வசதி டீம்ஸிலும் ஸூமிலும் இருக்கிறது. மீட்டில் வரும் வீடியோவின் தரத்தை அமைப்புகளில் குறைக்கலாம். எல்லா முகங்களையும் காட்டும் கட்டப் பார்வையை விட்டுப் பேசுபவரை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறினாலும் சுமை இறங்கும்.

வேகத்தைச் சோதிக்கும்போது பதிவிறக்க எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைவது எல்லோரும் செய்வது. வீட்டு இணைப்புகள் பலவற்றில் பதிவேற்ற வேகம் அதைவிடப் பல மடங்கு குறைவு. நமக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும், நம் குரல் மட்டும் மற்றவர்களுக்கு உடைந்துபோய்க் கேட்கும். செமினார் நாளில் இது பெரிய அவமானமாக வந்து நிற்கும். சோதனையில் பதிவேற்ற எண்ணையும், செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணையும் பாருங்கள். பிங் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கினால் வேகம் அதிகமிருந்தும் குரல் உடையும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெரியும். ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார முடிந்தால் 5, இல்லையென்றால் 2.4. தேர்வுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் இரண்டையும் விட்டு நேரடிக் கேபிள் போடுவதே மேல். மொபைல் டேட்டாவில்தான் படிக்கிறீர்கள் என்றால் ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி கேபிள் வழியே இணைப்பது நிலையாக இருக்கும், மொபைலும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும்.

மொபைலை மட்டும் வைத்துப் படித்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘எல்லோரிடமும் ஒரு கருவி இருக்கிறது’ என்று நிர்வாகங்கள் எண்ணும்போது ஐந்தரை அங்குலத் திரையையும் லேப்டாப்பையும் ஒரே எண்ணாகத்தான் எண்ணினார்கள். அந்தச் சின்னத் திரையில் வகுப்பு கேட்டபடி ஸ்லைடைப் படித்துக் குறிப்பும் எடுப்பது நடக்காத காரியம். முடிந்தவரை ஸ்லைடுகளை வகுப்புக்கு முன்பே கேட்டு வாங்கி, மொபைலை ஒலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கையால் நோட்டில் எழுதுங்கள். மூடிலின் மொபைல் செயலியில் பாடப்பக்கத்தை முழுதாக இறக்கி வைத்து இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். ஆசிரியர் அந்த அமைப்பை இயக்கியிருந்தால் வினாடி வினாவைக்கூட ஆஃப்லைனில் எழுதிப் பிறகு ஒத்திசைக்கலாம். இப்படி ஒரு வசதி இருப்பதே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால்தான் இயக்குவார்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் ஒரு மாதிரி தந்தார். பயனுள்ளது என்று தோன்றவேண்டும், எளிது என்றும் தோன்றவேண்டும், இரண்டும் இருந்தால் ஏற்பார்கள் என்பது அதன் சாரம். 2003இல் வெங்கடேஷும் அவருடன் பணிபுரிந்தவர்களும் சுற்றியிருப்பவர்களின் தாக்கத்தையும், துணைநிற்கும் வசதிகளையும் அதோடு சேர்த்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தை இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் என் மனதுக்குக் கடைசி ஒன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. விருப்பம் இருக்கிறதா என்று மாணவர்களை யாரும் கேட்கவில்லை. கருவி எளிதாகவும் இருந்தது, பயனும் இருந்தது. நிலையான இணைப்பு, கதவு மூடக்கூடிய ஒரு அறை, சிக்கலென்றால் எடுத்துப் பேச ஒரு மனிதர் என்ற மூன்றும் இருந்தவர்கள் கரை சேர்ந்தார்கள். இல்லாதவர்களை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று எழுதிவைத்தது பெரிய அநியாயம். உங்களுக்கு ஒரு கருவி ஒத்துவரவில்லை என்றால் உங்களைக் குறைசொல்லிக்கொள்ளும் முன் இந்த மூன்றில் எது இல்லை என்று பாருங்கள். நிர்வாகத்துக்கு எழுதும்போதும் அதையே எழுதுங்கள். ‘ஆன்லைன் வகுப்பு கஷ்டமாக இருக்கிறது’ என்ற கடிதத்துக்குப் பதில் வராது. ‘மாலை 6 முதல் 9 வரை என் பதிவேற்ற வேகம் 0.3 மெகாபிட், இந்த நேரத்தில் கேமராவோடு வைவாவில் கலந்துகொள்ள முடியாது, காலை நேரம் தரமுடியுமா’ என்ற கடிதத்தைப் படிப்பவர் ஏதாவது செய்தே ஆகவேண்டும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் களைப்பு வரும். அதைச் சோம்பல் என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் இதற்கு நான்கு காரணங்களை எடுத்துச் சொன்னார். மிக அருகில் தெரியும் முகங்களின் இடைவிடாத பார்வை, நம் முகத்தை நாமே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளை வேண்டுமென்றே காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பதால் மூளைக்கு ஏறும் கூடுதல் சுமை. முதல் மூன்றுக்கும் கைவசம் மருந்து உண்டு. ஸூமில் உங்கள் படத்தின் மேல் வலச்சொடுக்கி உங்கள் காட்சியை மறைத்துவிடுங்கள், மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள். சாளரத்தை முழுத்திரையிலிருந்து சுருக்குங்கள், முகங்கள் சிறிதாகும். தனி கீபோர்டு இருந்தால் திரையைத் தள்ளி வையுங்கள். ஒலி மட்டும் போதும் என்ற வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள்.

களைத்தவர்கள் அடுத்துப் போய் விழும் பள்ளம் ரெக்கார்டிங். பதிவு இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வகுப்பை விடுவோம். ஒரு மணி நேரப் பதிவை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் இரண்டு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு நான்கு வகுப்பு விட்டால் எட்டு மணி நேரக் கடன், மூன்று வாரத்தில் அது 24 மணி நேரம். இது சேர்ந்தபிறகு எந்த மாணவராலும் அடைக்க முடிந்ததில்லை. கடன் விழுந்துவிட்டால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஸ்லைடை முதலில் வாசித்து, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் பதிவில் தேடுங்கள். நேரம் குறித்த எழுத்துப்படி இருந்தால் சொல்லைத் தேடியே அந்த நிமிடத்துக்குப் போய்விடலாம். மற்ற பகுதிகளை 1.5 வேகத்தில் ஓட்டலாம், ஆனால் சூத்திரத்தைத் தருவிக்கும் இடங்களில் சாதாரண வேகமே நல்லது.

பார்த்ததை மறுபடி மறுபடி பார்ப்பதைவிட ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுவது பலன் தரும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். திரை வழிப் படிப்பில் ‘எல்லாம் புரிகிறது’ என்ற நினைப்பு சீக்கிரம் வந்துவிடும், பேராசிரியர் பேசும்போது தலையாட்டுவது எளிது. வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் பத்து நிமிடம் வெற்றுத்தாளில் எழுதிப்பாருங்கள். எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று அந்தத் தாள் காட்டிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டால் இன்னும் நல்லது. ஸூம் இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பு இதற்குப் போதும். தனிமையைத் தாங்க உதவியதும் இந்தச் சின்னக் குழுக்கள்தான், நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு அதைச் செய்யாது. ஒரு எச்சரிக்கை மட்டும். தனித்தனியாகச் செய்யச்சொன்ன அசைன்மென்டின் விடையைக் குழுவில் போடாதீர்கள். கொடுத்தவரும் எடுத்தவரும் ஒன்றாகவே விசாரணைக்குப் போவார்கள்.

இப்போது ஒப்படைப்பு. அதிகம் பேர் அழுதது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மூடிலில் கோப்பை ஏற்றிச் சேமித்தால் பணி முடிந்தது என்று நினைப்போம். ஆசிரியர் அமைத்த விதத்தைப் பொறுத்து அது வெறும் வரைவாகவே நின்றிருக்கலாம், ‘ஒப்படை’ பொத்தானைத் தனியாக அழுத்தி உறுதிசெய்தால்தான் ஒப்படைக்கப்பட்டதாகும். கூகுள் கிளாஸ்ரூமிலும் கோப்பை இணைப்பது ஒரு படி, ஒப்படைப்பது அடுத்த படி. இரண்டிலும் நிலை என்ன என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு வெளியேறுங்கள். பிறகு ஏற்றிய கோப்பை நீங்களே இறக்கித் திறந்து பாருங்கள். பழைய வரைவு ஏறியிருப்பது, பக்கம் காலியாக இருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். நேரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டுவையுங்கள்.

கையால் எழுதிய விடைகளுக்கு இன்னொரு பொறி உண்டு. மொபைல் கேமராவில் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரும். 12 பக்கம் என்றால் 60 எம்பி வரை போகும், பதிவேற்ற வரம்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் சில எம்பியில் முடிந்துவிடும். ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அதன் கேமரா ஹெச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கும், பல தளங்கள் அதை ஏற்காது. 2020 மே மாதம் அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவிலான பாடங்களுக்கு எழுதும் ஏபி தேர்வுகள் இணையம் வழியே நடந்தபோது இந்த வடிவத்தால் மாணவர்கள் பலருடைய விடைகள் ஏறாமல் போயின. அமைப்புகளில் கேமரா, அதற்குள் வடிவங்கள் என்ற இடத்துக்குப் போய் ‘அதிகம் ஒத்துப்போகும்’ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் படங்கள் ஜேபெக் ஆக வரும். தேர்வு நாளில் தேடாதீர்கள், இப்போதே மாற்றிவையுங்கள்.

கெடு நேரத்தை எந்த நாட்டுக் கடிகாரத்தில் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். பெருந்தொற்றில் வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்பி வேறு நேர மண்டலத்தில் இருந்து எழுதினார்கள். மூடில் உங்கள் சுயவிவரத்தில் உள்ள நேர மண்டலப்படி கெடுவைக் காட்டும். அதை மாற்றாமல் விட்டால் பல்கலைக்கழக நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், மின்னஞ்சலில் பேராசிரியர் எழுதுவது அவருடைய நேரமாக இருக்கும். இரவு 11.59 கெடு என்றால் 10 மணிக்கே ஏற்றிவிடுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து ஏற்றும்போது சர்வர் திணறும்.

தேர்வில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் பாதியாகும். மூடில் வினாடி வினா, பொதுவான அமைப்பில், நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். இணைப்பு போனால் பக்கத்திலேயே எச்சரிக்கை வரும். கடிகாரம் மட்டும் நிற்காது. அப்போது பக்கத்தை மூடாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள். கடைசியாக எழுதியதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எச்சரிக்கையும் நேரமும் தெரியும்படி மொபைலில் திரையைப் படமெடுங்கள். விதிகள் அனுமதித்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறித் தொடருங்கள். முடியவில்லையென்றால் அந்தப் படத்தையும் விடைகளையும் சேர்த்து அப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள், மறுநாள் அனுப்பும் விளக்கத்துக்கு மதிப்பு குறைவு. நீண்ட கட்டுரை விடைகளை நேரடியாகப் பெட்டிக்குள் அடிக்காமல், அனுமதி இருந்தால் வேறு இடத்தில் எழுதி ஒட்டுவது பாதுகாப்பு. ஒரே தேர்வை இரண்டு டேபில் திறக்கவே கூடாது, பழைய டேபின் பதிவு புதியதன்மேல் ஏறிவிடும்.

கண்காணிப்பு மென்பொருள் வைத்த தேர்வென்றால் முந்தின நாளே நிறுவி மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். மேக்கில் திரையைப் பதிவுசெய்யும் அனுமதியைக் கொடுத்தபின் செயலியை மூடித் திறக்கவேண்டும், தேர்வு தொடங்கியபின் இதைச் செய்தால் நேரம் போய்விடும். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். அறை முழுவதையும் கேமராவில் காட்டச் சொல்வது உங்களுக்கு உறுத்தினால் அது வீண் கூச்சம் இல்லை. கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படி அறையைக் காட்டவைத்தது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2022 ஆகஸ்டில் ஒஹாயோவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற நாடுகளை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், மாற்று ஏற்பாடு உண்டா என்று தேர்வுக்கு முன் எழுத்தில் கேட்க எல்லா மாணவருக்கும் உரிமை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

செமஸ்டர் முடிந்ததும் எல்லோரும் லேப்டாப்பை மூடிவிட்டு ஓடத்தான் நினைப்பார்கள். அன்றே இன்னொரு வேலை இருக்கிறது. பாடப்பக்கங்கள் மறைந்துவிடும், இணையச் சேமிப்பில் இருக்கும் வகுப்புப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களில் தானாக அழியும்படி பல இடங்களில் அமைத்திருப்பார்கள். கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகத் தந்த அளவற்ற சேமிப்பை நிறுத்தப்போவதாக கூகுள் 2021இல் அறிவித்தது, 2022இலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. அதற்குப் பிறகு பழைய மாணவர் கணக்குகளைப் பல பல்கலைக்கழகங்கள் சுருக்கவும் மூடவும் தொடங்கின. நிர்வாகம் தடுக்காவிட்டால் கூகுள் டேக்அவுட் வழியே டிரைவ், மின்னஞ்சல் இரண்டையும் மொத்தமாக இறக்கலாம். இறக்கிய ஜிப் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வையுங்கள். மதிப்பெண் பக்கத்தையும் ஒப்படைப்பு ரசீதுகளையும் பிடிஎஃப் ஆக எடுத்து அதே இடத்தில் போடுங்கள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு முடியும்வரை எதையும் அழிக்காதீர்கள்.